எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான், வேற்று நாட்டில் போய் ஒரு கம்பெனியை ஆரம்பித்துப்பார் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால் மெக்கானிக்கின் மனைவி உஷாராகியிருப்பாள். அவர் சேர்க்கவில்லை. "ரெண்டே வருஷம், அப்புறம் நாம ராஜா ராணி" என்று மெக்கானிக் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, மகளை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டாள். ராஜாவும் ராணியும் இப்போது ஓர் ஏழாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்கிற கம்பெனி. அதில் முதலாளி, தொழிலாளி, டிரைவர் எல்லாம் மெக்கானிக்தான். கணக்கு எழுதுவது, உதிரிபாகம் வரவழைப்பது, வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்வது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள். பின்னால் வந்து சேர்ந்த அவளுடைய தம்பி பாதி தொழிலாளி, மீதி விருந்தாளி. சொத்தென்று இருந்தது ஒரு பழைய வேன். அதன் பின்கதவைத் திறந்தால் ஒரு இரும்புக்கடையே இருக்கும்.

பெரிய கம்பெனிகள் நாளைக்கு வருகிறோம் என்று சொல்கிற வேலைக்கு மெக்கானிக் இப்போதே போய் நின்றான். அவன் போட்ட மூலதனம் அதுதான். அவன் பார்த்துக்கொள்ளும் எந்தக் கட்டடத்தின் லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும், உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவன் சட்டைப்பையில் இருக்கும் போனில். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவான். எடுத்த எடுப்பில் அந்த ஊர் மொழியில், குரலில் தேன் தடவிக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன். இதோ வந்துக்கிட்டே இருக்கேன்" என்பான். ஒருமுறை தூக்கத்தில் அலாரம் அடித்தபோது டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு அதையே சொன்னான். மகள் மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் இந்த மனுஷன் நம்மிடம் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருக்கிறானா என்ற நினைப்பு வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

ஊரில் அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். சும்மா ஒப்புக்குப் பார்த்தவள் இல்லை, கெட்டிக்காரி. இங்கே அந்த வேலைக்குப் போக வேண்டுமென்றால் இந்த ஊர்ப் பரீட்சை ஒன்றை எழுத வேண்டும். அதற்கான புத்தகங்கள் வந்த புதிதில் மேசைமேல் இருந்தன. பிறகு அலமாரிக்குப் போயின. இப்போது கட்டிலுக்கு அடியில், உதிரிபாகப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தன. போன் எடுக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆளைத் தேடவேண்டிய அவசியம்கூட இல்லை. தரைத்தளத்தில் ரிட்டயரான டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். மெக்கானிக் லிஃப்டை விட்டு வெளியே வரும்போதெல்லாம், "போன் எடுக்க ஆள் வேணுமாப்பா? சும்மா இருந்து இருந்து காதே துருப்பிடிச்சுப் போச்சு" என்பார். "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்று மெக்கானிக் வேனை நோக்கி ஓடுவான். காலண்டரில் எல்லா மாசமும் வந்தது, அந்த அடுத்த மாசம் மட்டும் வரவில்லை.

இந்தக் குடும்பம் பேசிக்கொள்வதே லிஃப்டில்தான். இது எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்கும் நினைவில்லை. வேலைக்குக் கிளம்புகிறவனை வழியனுப்ப அவளும் கூடவே கீழே வரை இறங்குவாள். அவனை வேனில் ஏற்றிவிட்டுத் தனியாக மேலே போவாள். வீட்டுக்குள் நிற்காத கால் லிஃப்டுக்குள் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த ஏழு மாடி இறங்குகிற நேரத்துக்குள் வாடகை, மகளின் காய்ச்சல், மாமியாரின் முழங்கால், பள்ளிக்கூடத்தில் கேட்ட கையெழுத்து எல்லாம் பேசி முடித்தாக வேண்டும். ரேஷன் கடைக் க்யூ மாதிரி விஷயங்கள் வரிசையில் நிற்கும், பாதி விஷயம் முடிவதற்குள் தரைத்தளம் வந்துவிடும். ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. உள்ளே நுழைந்ததும் பொத்தான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டு, எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்திவிட்டாள். லிஃப்ட் ஆறில் நின்றது, ஐந்தில் நின்றது, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. போனைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு மாமியாரின் முழங்கால் முழுசாகப் பேசி முடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது போல, பழி போய்ச் சேர்ந்தது நாலாம் மாடிக் குழந்தைகள்மேல். அங்கே ஒரு பியானோ டீச்சர் இருந்தார். அவரிடம் படிக்க வருகிற பொடிசுகள்தான் எல்லாப் பொத்தானையும் அழுத்தி விளையாடுகின்றன என்று கட்டடத்தில் எல்லோரும் முடிவு கட்டி, கடைசியில் லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பையே ஒட்டினார்கள். அதை ஒட்டியவன் மெக்கானிக்தான். அவள் அந்தக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். ஊரிலிருந்து பழைய டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். "உன் நாற்காலி காலியா இருக்கு. வர்றியா, வரலையா? இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார். அவள் மனசுக்குள் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது, அப்புறம் மனுஷன் கம்பெனியோடு குடித்தனம் நடத்தட்டும். ஆனால் அவனிடம் சொல்லாமல் எப்படிச் சொல்வது? மதியம் சாப்பிட வந்தவனிடம் மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் போன் அடித்தது. கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டே அவன் செருப்பைத் தேடினான். ஓட்டல் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். அவளும் பின்னாலேயே போய் லிஃப்டில் ஏறி, கையைப் பின்னால் விட்டு, எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள்.

ஆறாவது மாடியில் கதவு திறந்து மூடியது.

"ஏங்க, ஒரு விஷயம்."

"சொல்லும்மா." கண் போனில் இருந்தது.

ஐந்தாவது மாடி வந்தது.

"டாக்டரம்மா கூப்பிட்டாங்க."

"எந்த டாக்டரம்மா? உடம்புக்கு என்ன?"

"என் பழைய லேப் டாக்டரம்மா. திரும்ப வேலைக்கு வரச் சொல்றாங்க."

நாலாவது மாடியில் கதவு திறந்ததும், யாரோ ஒரு பொடிசு பியானோவை அடித்துத் துவைக்கிற சத்தம் உள்ளே வந்தது. கதவு மூடியது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் வரேன்னு சொல்லப் போறேன். குட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறேன். இது சும்மா லீவுக்குப் போறதில்ல..."

தடக்கென்று ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்து, சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் தலையை நிமிர்த்திக் காதைத் தீட்டிக்கொண்டு, "கான்டாக்ட்!" என்றான்.

ஒருத்தி குடும்பத்தை இரண்டாக வெட்டுகிற விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவன் கான்டாக்ட் என்கிறான். அவளுக்குத் தலைக்கு மேல் ஏறியது. கையில் வேறு எதுவும் அகப்படாததால், சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

அவன் சட்டைப்பையில் மணி அடித்தது.

எதிரில் இருப்பவள்தான் அழுத்தினாள் என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. இரண்டாவது மணியிலேயே கை போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டது. வாயும் கைக்குத் துணை போனது.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு பலகையில் பேசுவதற்கென்று இருந்த ஓட்டைகளிடம் குனிந்து நம் மொழியில் பதில் சொன்னாள்.

"ரெண்டு பேர்."

"யாருக்காவது மூச்சு முட்டுதா?"

"எனக்குத்தான். ரெண்டு வருஷமா."

அவள் குரல் நேரிலும் போனிலும் இரட்டையாகக் கேட்டதில்தான் அவனுக்குத் தெளிந்தது. திருடனைத் தேள் கொட்டினாற்போல் முழித்துக்கொண்டு போனை இறக்கப் பார்த்தான்.

"வைக்காதீங்க! கஸ்டமர் பேசிக்கிட்டிருக்கும்போது போனை வைப்பீங்களா?"

"ஏம்மா, விளையாடாத..."

"விளையாடல. வீட்டுல பேசினா உங்களுக்குக் காது கேக்கல. போன்ல வர்ற ஆளுங்ககிட்டதானே பொறுமையாப் பேசுறீங்க? நானும் போன்லயே சொல்றேன். ஒரு கம்ப்ளெயின்ட்."

அவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மெல்ல மறுபடியும் காதில் வைத்தான்.

"சொல்லுங்க. என்ன பிரச்சினை?"

"என் வீட்டுக்காரர் ஓடிக்கிட்டே இருக்கார். எந்த மாடியிலயும் நிக்க மாட்டேங்கிறார்."

"எவ்வளவு நாளா?"

"குட்டிக்கு முன்பல் விழுந்துதே, அதுக்கும் முன்னாடியிருந்து."

"பல் விழுந்துச்சா? எப்போ?"

"அது விழுந்து புதுப்பல்லே முளைச்சாச்சு."

அவள் நிறுத்தவில்லை. இவ்வளவு நாள் மாடி மாடியாகத் துண்டு போட்டுப் பேசியவளுக்கு முதல்முறையாக இறங்க வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

"ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில தடவி, பார்த்து, ஒரு ஆளுக்கு என்ன வியாதின்னு சொல்லிக்கிட்டிருந்தவ நான். இப்ப நாள் பூரா எந்தத் தெரு, எந்த மாடின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். கனவுலயும் அதையே கேக்கறேன். உங்க முதுகு வளைஞ்சுபோச்சு. சாப்பாட்டை மெல்லாம முழுங்குறீங்க. பள்ளிக்கூடத்துல அப்பா எங்க வேலை பார்க்கறார்னு கேட்டதுக்கு, குட்டி என்ன சொன்னா தெரியுமா? அப்பா லிஃப்ட்ல குடியிருக்கார்னு சொல்லியிருக்கா. எனக்கு இந்த வீடு வேண்டாம்னு இல்ல. நீங்க வேண்டாம்னு இல்ல. ஆனா, இப்படியே இருந்தா நான் தேய்ஞ்சு போயிடுவேன்."

அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள். லிஃப்டின் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவன் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். எப்போது நரைத்தது என்று அவளுக்கும் தெரியாது.

மெக்கானிக் போனை வைத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். குரலில் இப்போது தேன் இல்லை, பயம் இருந்தது.

"போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"சாயந்தரத்துக்குள்ள சொல்லணும்."

"திரும்பி வருவியா?"

"தெரியல."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். வெளியே பொடிசு அதே இடத்தில் அதே தப்பை மறுபடி வாசித்தது. அவன், "முதல்ல மாப்ளைகிட்ட சொல்லணும். மேல மெஷின் ரூமுக்குப் போய் அவன் பிரேக்கைத் தளர்த்தினாத்தான் நகரும்" என்றான்.

"சொல்லுங்க. மெதுவா வந்தாப் போதும்னு சொல்லுங்க."

மாப்ளை என்றது அவளுடைய தம்பியை. ஊரின் மறுகோடியில் இருந்த அவனுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் போன் அதிரும்படி சிரித்தான். "மாமா, உள்ள இருக்கறவங்க எதையும் தொடக்கூடாது, கதவை நெம்பக்கூடாது, அமைதியா இருக்கணும்" என்று மெக்கானிக் மற்றவர்களுக்குச் சொல்லும் பாடத்தை அவனுக்கே ஒப்பித்தான். அடுத்து, பஸ்ஸில் வரும் மகளை இறக்கிக் கூட்டிவரச் சொல்லிப் பியானோ டீச்சருக்கு ஒரு போன். பாக்கி இருந்தது ஓட்டல்.

ஓட்டல் மேனேஜர் மகா முன்கோபி என்று வீட்டில் பிரசித்தம். அவர் பெயரைச் சொன்னால் மெக்கானிக் தூக்கத்திலேயே எழுந்து நிற்பான். இப்போது எச்சிலை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டான். "மன்னிக்கணும் சார், வர முடியல. நானே ஒரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்றான். அந்தப் பக்கம் மேனேஜர் ஏதோ கேட்டார். மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. பிறகு ஏதோ சொன்னார். முகம் இன்னும் விநோதமாக மாறியது.

"என்ன கேட்டார்?"

"அந்த லிஃப்டைப் பார்த்துக்கறது எந்தக் கம்பெனின்னு கேட்டார்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் என்ன சொன்னார்?"

"அவங்ககிட்ட இன்னொரு லிஃப்ட் ஓடுதாம். நாளைக்குக் காலையில வந்தாப் போதுமாம்." அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. "நாளைக்கு வந்தாப் போதுமாம்மா!"

"நீங்க கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பாரு. உள்ள ஆள் மாட்டினா ஓடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. சும்மா நின்னு போன லிஃப்டுக்கெல்லாம் ஏன் உசிரை விடுறீங்க?"

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "இது என் தப்புதான்" என்றான். கதவு ஒழுங்காக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது ஒரு சின்னப் பித்தளைத் தகடு. அவன் கான்டாக்ட் என்றது அதைத்தான். அது தேய்ந்துவிட்டால் லிஃப்ட் நடுவழியில் பயந்து நின்றுவிடும். இந்த லிஃப்டுக்கென்று வந்த புதுத் தகட்டை அவன் போன வாரம் அதே ஓட்டலில் கொண்டுபோய் மாட்டிவிட்டான். நம் வீட்டு லிஃப்ட்தானே, அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அவள்.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. ஓட்டல்ல நாள் பூரா ஜனம் ஏறி இறங்குது. அங்க கூட இவ்வளவு சீக்கிரம் தேயறதில்ல. இங்க மட்டும் ஏன் இப்படித் தேயுது?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, பொத்தான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு எல்லாப் பொத்தானையும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் அழுத்திக் காட்டினாள். மெக்கானிக் அந்தக் கையைப் பார்த்தான். சுவரில் தான் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தான்.

"நீயா?"

"வேற எப்படி உங்களைப் பிடிச்சு நிறுத்தறது?"

"ரெண்டு வருஷமாவா?"

"முதல் ஆறு மாசம் இல்ல. அப்போ பேசறதுக்கு அவ்வளவு சேரல."

அவன் சிரிக்கப் போகிறானா திட்டப் போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் காதுமடல் சிவந்தது. திருட்டுமுழி முழித்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். இந்தக் கதவு ஏன் இவ்வளவு நேரம் திறந்தே நிக்குதுன்னு பியானோ டீச்சர் தினமும் கேப்பாங்கல்ல? பார்க்கறேன் பார்க்கறேன்னு சொல்லுவேனே? அதை அப்படி வெச்சதே நான்தான்."

"எதுக்கு?"

"உன் பேச்சு பாதியில நிக்குதேன்னுதான். மேல மெஷின் ரூம்ல ஒரு திருகு இருக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி வெச்சேன். எந்தப் பசங்களோ எல்லாப் பொத்தானையும் அமுக்குதுங்களேன்னு ஊரே திட்டுச்சு. நான் மட்டும், நல்லா இருக்கட்டும் அதுங்கன்னு நினைச்சுக்குவேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள். பிறகு அவன். உட்கார்ந்திருந்த தரை குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். வெளியே பியானோ பயந்துபோய் நின்றது. பிறகு தகடு தேயாமல் என்ன செய்யும்! புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டியும், பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷனும் ஒரே லிஃப்டிடம் நேரம் திருடியிருக்கிறார்கள். அவளுக்கு வயிறு வலித்தது. இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது, இவ்வளவுக்குப் பிறகும் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஆனாலும் சிரிப்பு வேறு, சாயந்தரம் வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் சொன்னாள்.

"சிரிச்சிட்டோம்கிறதுக்காக நான் இருந்துட மாட்டேன்."

"தெரியும்" என்றான். "அந்தப் பரீட்சை எப்போ?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். எல்லாத்தையும் எந்தத் தெரு, எந்த மாடின்னு கேட்டே விட்டுட்டேன்."

"அடுத்ததை எழுது. போன் எடுக்க ஆள் வெச்சுக்கலாம்."

"அடுத்த மாசம்தானே?"

அவன் போனை எடுத்துத் தரைத்தளத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டான். "சார், போன் எடுக்க வர்றீங்களா?" என்று கேட்டதும், "என்னப்பா, அடுத்த மாசம் வந்துடுச்சா?" என்று அவர் கத்தியது அவளுக்கே கேட்டது. "வந்துடுச்சு சார். நாளைக்கே வாங்க." போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அவசர போனும் எப்பவும் என் பையிலயே இருக்க வேண்டாம். ஒரு நாள் நான், ஒரு நாள் மாப்ளை. அவனும் இனிமே முழு ஆளாச் சம்பாதிக்கட்டும்."

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. பேச்சு வேறு, நடப்பு வேறு என்று இரண்டு வருஷத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டவள்.

அப்போது தலைக்கு மேலே கதவு இடுக்கில் ஒரு குரல் கேட்டது. நாலாம் மாடித் தரையில் யாரோ குப்புறப் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

"அம்மா? அப்பாவும் உள்ளேயா?"

"ஆமா குட்டி."

"வெளிய வர முடியாதா?"

"மாமா வர்ற வரைக்கும் முடியாதுடா" என்றான் மெக்கானிக்.

"எங்கயுமே போக முடியாதா?"

"முடியாது."

"ஐ!" என்றது குரல். பை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சட்டமாக உட்கார்ந்துகொண்டாள் போலிருக்கிறது. "அப்போ நான் எல்லாம் சொல்றேன். முதல்ல பல்லு."

பல்லில் ஆரம்பித்தாள். அது ஆடியது, நாக்கால் தள்ளியது, வகுப்பில் பென்சிலைக் கடிக்கும்போது விழுந்தது, அதைப் பார்த்து ஒரு பையன் மயங்கி விழுந்தது. பிறகு சண்டை போட்ட தோழிகள், சமாதானமான தோழிகள், பாட்டுப்போட்டி, அந்தப் பாட்டு முழுவதும், மறுபடியும் ஒருமுறை. பியானோ டீச்சர் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுக்கு வாசித்தார். மெக்கானிக் கதவில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில், "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பயப்படாத குட்டி, நான் இருக்கேன்" என்றான். "இங்கேயேதான் இருக்கேன்." மனைவி கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி மெதுவாக வரச் சொன்னதைச் சிரமேற்கொண்டு மெதுவாகவே வந்தான். மொட்டை மாடிக்குப் போய் ஏதோ தட்டினான், உருட்டினான். லிஃப்ட் முனகிக்கொண்டு சாண் சாணாக மேலேறி நாலாம் மாடியில் வந்து நின்றது. பிறகு படியிறங்கி வந்து முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான். வெளியே மகள், பியானோ டீச்சர், பியானோவைத் துவைத்த பொடிசு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபரேட்டர் எல்லோரும் நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வருவதற்குள் மகள் உள்ளே பாய்ந்தாள். "மாமா, மூடுங்க! மூடுங்க! நான் இன்னும் பாதி சொல்லல!"

மெக்கானிக் பொடிசின் தலையைத் தடவிக்கொடுத்தான். பிறகு சுவரில் இருந்த அறிவிப்பைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். அப்போது பையில் போன் அடித்தது.

அவள் அவனைப் பார்த்தாள். கை பழக்கதோஷத்தில் போனை எடுத்தது. எடுத்த கை அப்படியே நீண்டு தம்பியிடம் போனது. தம்பி ஒரு கணம் திருதிருவென்று முழித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று கட்டைக்குரலில் சொல்லிக்கொண்டே படியில் தடதடவென்று இறங்கினான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மெக்கானிக் போகவில்லை. போகாமல் நிற்பது எப்படி என்று தெரியாதவன்போல இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று விழித்துக்கொண்டு நின்றான்.

புதுத் தகடு வரும்வரை லிஃப்ட் ஓடாது. மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். மகள் பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் குதித்து ஓடினாள். இருவரும் பின்னால் மெதுவாக ஏறினார்கள். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் அவள் அவன் போனுக்காகக் கையை நீட்டி, அது தம்பியிடம் போய்விட்டது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டு, "மேல போனதும் டாக்டரம்மாவைக் கூப்பிடணும்" என்றாள்.

"என்னன்னு சொல்லப் போற?"

அவள் இரண்டு படி ஏறிய பிறகுதான் பதில் சொன்னாள். "நாற்காலியை வேற ஆளுக்குக் கொடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன். எனக்கு இங்க பரீட்சை இருக்கு."

மெக்கானிக் நின்றுவிட்டான். மகளின் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியாரின் முழங்காலில் தொடங்கி, கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகங்களை வெளியே எடுப்பதுவரை பேசினார்கள். மேலேயிருந்து மகள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே இறங்கி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

திடீரென்று அவள் கீழே வளைந்து வளைந்து போகிற படிகளை எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இந்தப் படிக்கட்டு இத்தனை நாளும் இங்கதானே இருந்துச்சு?"

மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தான். "ஆமா" என்றான்.